குத்தினால் முளைக்குமா? வீட்டில் செய்துகொள்ளும் நுண்ணூசிச் சிகிச்சை பற்றி ஒரு மதிப்பீடு

முடி கொட்டிய இடத்தைக் கீறிவிட்டால் மறுபடி முளைக்கும் என்ற எண்ணம் மிகப் பழையது. சுசுருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி ‘இந்திரலுப்தம்’ என்ற முடியிழப்பு நோய்க்குச் சொல்லும் வழிகளில் ஒன்று, அந்த இடத்தை ஆழமாகக் கீறி, குன்றிமணியை அரைத்துத் திரும்பத் திரும்பப் பூசுவது. இன்று கத்தி இருந்த இடத்தில் ஒரு கைப்பிடியும், சில நூறு ஊசிகள் பதித்த சிறு உருளையும் வந்திருக்கின்றன. குன்றிமணி இருந்த இடத்தில் மினாக்சிடில் என்ற தடவும் மருந்து.

குன்றிமணியைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பருப்பில் உள்ள அப்ரின் கொடிய நஞ்சு. குன்றிமணி விழுதில் செய்த ஊசிகளைத் தோலில் செருகி மாடுகளைக் கொன்ற வழக்கம் இந்தியச் சட்ட மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகப் பதிவாகிவரும் செய்தி. சித்த மருத்துவர்கள் அதைச் சுத்தி செய்யாமல் கையாளாததும் அதனால்தான். தோலைத் திறந்துவிட்டு அதன்மேல் ஒன்றைப் பூசுவதன் ஆபத்து நம் மருத்துவ மரபுக்குத் தெரியாத செய்தி அல்ல என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்றைய விவாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. நுண்ணூசியால் தலையில் முடி வளருமா என்பது முதலாவது. அதை வீட்டில், தன் கையால், ஆபத்தில்லாமல் செய்துகொள்ள முடியுமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குக் கிடைத்திருக்கும் அரைகுறை ‘ஆம்’ இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

எந்த முடியிழப்பு?

ஆண்களுக்கு நெற்றி ஏறுவதும் உச்சி சொட்டையாவதும் பெரும்பாலும் பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை. 1942இல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களுக்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தினால் பரம்பரைப் போக்குள்ளவர்களுக்கு வழுக்கை தொடங்குகிறது என்பதையும் காட்டினார். இந்த வகையில் மயிர்க்கால் சட்டென்று சாவதில்லை. சுற்றுக்குச் சுற்று சுருங்கி, தடித்த முடிக்குப் பதில் பூனைமுடியைத் தருகிறது. நுண்ணூசி ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வகையைப் பற்றியவை.

மற்ற வகைகள் வேறு கதை. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடி, பொதுவாகத் தானாகவே திரும்பி வரும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் மாத்திரையால் சரிசெய்ய வேண்டியவை. புழுவெட்டு, உடலின் எதிர்ப்பு சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. மயிர்க்கால் தழும்பாகி அழிந்துபோகும் வகையும் உண்டு. அங்கே ஊசி குத்துவது எரியும் வீட்டில் காற்று வீசுவதுபோல் ஆகலாம். கண்ணாடி முன் நின்று இவற்றைப் பிரித்தறிவது கடினம். வீட்டுச் சிகிச்சையின் முதல் பலவீனம் ஊசிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

தழும்பிலிருந்து தலைக்கு வந்த கருவி

நுண்ணூசியின் நவீன வரலாறு முடியில் தொடங்கவில்லை, தழும்பில் தொடங்கியது. 1995இல் நார்மன் ஓரன்ட்ரைக்கும் டேவிட் ஓரன்ட்ரைக்கும், குழிந்த தழும்புக்கு அடியில் ஊசியைச் செலுத்தி அதை இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அறுக்கும் முறையை விவரித்தார்கள். இதே நார்மன் ஓரன்ட்ரைக்தான் 1959இல் நவீன முடி மாற்று அறுவையின் அடிப்படையை வெளியிட்டவர். ஆனால் அவருடைய ஊசி தலைமுடிக்காக எழுந்ததல்ல. 1997இல் கனடாவின் காமிராண்ட், டூசே என்ற இருவர், மையில்லாத பச்சை குத்தும் கருவியால் தழும்புகளைக் குத்தி, அவை மென்மையானதை எழுதினார்கள். தென்னாப்பிரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் ஊசிகளை உருளையில் பதித்து, தோலில் கொலாஜன் புரதத்தைத் தூண்டும் முறையாக அதை வளர்த்தெடுத்தார். ‘டெர்மா ரோலர்’ என்று கடைகளில் கிடைப்பது அந்த வழியில் வந்த பொருள்.

அமெரிக்க உணவு மருந்துத் துறை 2018இல் முதன்முதலாக ஒரு நுண்ணூசிக் கருவிக்கு அனுமதி தந்தபோது, அது முகத்தில் உள்ள பருத் தழும்புகளுக்காக, 22 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்காக, மருத்துவத் துறையினர் கையில் பயன்படுவதற்காகத் தரப்பட்டது. தலைமுடி அந்த அனுமதியில் இல்லை.

ஏன் வளர வேண்டும்?

மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது காயம் ஆறும் வழியைப் பற்றியது. ஊசி குத்திய இடத்தில் ரத்தத் தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன. புது ரத்தக் குழாய்கள் அரும்புகின்றன. உறங்கும் மயிர்க்கால் இதனால் விழிக்கலாம் என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தலையில் அடிபட்ட எல்லோருக்கும் அந்த இடத்தில் முடி செழிப்பதில்லை, தழும்புதான் மிஞ்சுகிறது. எந்த அளவு காயம் தூண்டும், எந்த அளவு கெடுக்கும் என்ற எல்லைக்கோட்டை இந்த விளக்கம் வரைந்து காட்டுவதில்லை.

இரண்டாவது, எலிகளிடமிருந்து வருவது. 2007இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மயூமி இட்டோ, ஜார்ஜ் கோட்சரேலிஸ் முதலியோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்த எலியின் தோலில் பெரிய காயம் ஆறும்போது அதன் நடுவில் புத்தம் புதிய மயிர்க்கால்கள் தோன்றுவதைக் காட்டியது. ‘விண்ட்’ எனப்படும் செல் சமிக்ஞை அதற்குத் தேவைப்பட்டது. பின்னர் எலிகளின் மேல் உருளையை ஓட்டிய கொரிய ஆய்வுகளும் அதே சமிக்ஞைகள் கூடுவதைக் கண்டன. அந்த 2007 ஆய்வு நுண்ணூசிக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. அங்கே இருந்ததோ தோலை வெட்டியெடுத்த பெரிய காயம்; இங்கே மில்லிமீட்டர் கணக்கில் துளை. அங்கே எலி; இங்கே ஹார்மோனால் சுருங்கிய மனித மயிர்க்கால். புதிதாக முளைத்த அந்த எலி முடிகளுக்கு நிறமியும் இல்லை.

மூன்றாவது எளிமையானது: துளை வழியாக மருந்து அதிகம் இறங்குகிறது. தலையில் தடவும் மினாக்சிடிலில் சராசரியாக 1.4 சதவீதம் மட்டுமே உடலுக்குள் செல்கிறது; தோலின் மேலடுக்குதான் தடை. தடையைத் துளைத்தால் மருந்து கூடுதலாகச் செல்லும். இது உண்மையாக இருந்தால் இதுவே ஆபத்தும்கூட. மினாக்சிடில் முதலில் உயர் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. உடலெங்கும் முடி வளர்ந்த பக்க விளைவைக் கண்டுதான் 1988இல் தலைக்குத் தடவும் மருந்தானது. அது ரத்தத்தில் கூடினால் படபடப்பு, தலைச்சுற்றல், முக வீக்கம் வரலாம். ஆக, பயனை விளக்கும் அதே வாதம் எச்சரிக்கையையும் சேர்த்தே சுமக்கிறது.

மும்பையில் ஒரு சோதனை

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு. மும்பையின் லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரசிதா துராட் குழுவினர் 2013இல் வெளியிட்டது. பரம்பரை வழுக்கை உள்ள 100 ஆண்களைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு 5 சதவீத மினாக்சிடிலை மட்டும் நாளுக்கு இரு வேளை தடவியது. மற்றது அதோடு வாரம் ஒருமுறை 1.5 மி.மீ. ஊசி உருளைச் சிகிச்சையும் பெற்றது. ஊசி போட்ட நாளில் மினாக்சிடில் தடவவில்லை. 24 மணி நேரம் கழித்தே மறுபடி தொடங்கினார்கள். 12 வாரம் கழித்துக் குறித்த ஒரு சதுர அங்குலத்தில் முடிகளை எண்ணியபோது, மினாக்சிடில் குழுவில் சராசரியாக 22 முடி கூடியிருந்தது. ஊசிக் குழுவில் 91. தமக்குப் பாதிக்கு மேல் முன்னேற்றம் என்று சொன்னவர்கள் ஊசிக் குழுவில் 82 சதவீதம், மற்றதில் 4.5 சதவீதம்.

இந்த எண்கள்தான் உருளை விற்கும் பெட்டிகளின் மேல் வெவ்வேறு வடிவில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும்.

சதுர அங்குலத்தைச் சதுர சென்டிமீட்டராக மாற்றினால் 91 என்பது சுமார் 14. 22 என்பது மூன்றரை. 2002இல் அமெரிக்காவில் எலிஸ் ஓல்சன் குழு 393 ஆண்களிடம் நடத்திய பெரிய சோதனையில், 48 வாரம் 5 சதவீத மினாக்சிடில் மட்டும் தடவியவர்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 18 முடிகள் கூடின. வெறும் கரைசல் தடவியவர்களுக்கே 4 கூடின. காலமும் எண்ணும் முறையும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆனாலும் ஒரு சந்தேகம் எழுகிறது: மும்பையின் ஊசிக் குழு மிக உயரமாகத் தெரிவதற்கு, பக்கத்தில் நின்ற மினாக்சிடில் குழு 12 வாரத்தில் இன்னும் நிமிராததும் ஒரு காரணமாக இருக்கலாம். முடிகளை மதிப்பிட்டவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. ஊசி குத்தப்பட்டவருக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. அந்த 82 சதவீதம் அவர்களின் வாக்குமூலம்.

2018இல் கர்நாடகத்திலிருந்து குமார், இனாமதார், பாலித் ஆகியோர் வெளியிட்ட சோதனை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது. அங்கும் மினாக்சிடில் குழு ஒன்று, ஊசி சேர்த்த குழு ஒன்று. சதுர அங்குலத்துக்குக் கூடியவை சுமார் 2, சுமார் 12. ஊசியின் பக்கம் மறுபடியும் சாய்வு. ஆனால் 91 எங்கே, 12 எங்கே! புள்ளியியல்படி வேறுபாடு உண்டு, பார்வைக்குத் தெரியும் அளவில் இல்லை என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு. சீனாவிலும் ஈரானிலும் நடந்தவை உள்ளிட்ட பிற சோதனைகளும் இரண்டையும் சேர்த்தால் நல்லது என்ற திசையையே காட்டுகின்றன. திசையில் ஒற்றுமை இருக்கிறது, அளவில் இல்லை. பெரும்பாலானவை நூறு பேருக்குக் குறைவான, ஆறு மாதத்தைத் தாண்டாத ஆய்வுகள். ஊசி மட்டும், மருந்தில்லாமல், என்ன செய்யும் என்பதற்கான சான்று இன்னும் மெலிது.

ஆழம் என்னும் முடிச்சு

வீட்டில் செய்பவருக்கு மிக முக்கியமான கேள்வி ஊசியின் நீளம். மும்பை ஆய்வில் 1.5 மி.மீ. ஈரானில் 60 பேரிடம் நடந்த சோதனை 1.2 மி.மீ. ஆழத்தையும் 0.6 மி.மீ. ஆழத்தையும் ஒப்பிட்டது, குறைந்த ஆழமே நல்ல பலன் தந்தது. இது ஓர் ஆய்வுதான். இருந்தாலும், ஆழமாகக் குத்தினால்தான் வேலை செய்யும், ரத்தம் வந்தால்தான் பலன் என்று பரவியிருக்கும் நம்பிக்கையை அது கேள்விக்குள்ளாக்குகிறது.

கடையில் கிடைப்பவை 0.2 முதல் 2 மி.மீ. வரைக்கும் அதற்கு மேலும் உண்டு. 0.3 மி.மீ.க்கு உட்பட்டவை மேல்தோலைத் தாண்டிப் பெரிதாகச் செல்வதில்லை. மருந்து இறங்கும் வழியைச் சற்றே திறக்கலாம். 0.5 மி.மீ. உள்தோலைத் தொடத் தொடங்குகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் வலி, ரத்தம், தொற்று எல்லாமே கூடுகின்றன. பெட்டியில் போட்ட எண்ணும் தோலுக்குள் இறங்கும் ஆழமும் ஒன்றல்ல. அது கையின் அழுத்தத்தைப் பொறுத்தது. தன் உச்சந்தலையைத் தானே பார்க்க முடியாத ஒருவரின் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும்.

இடைவெளியிலும் ஒருமித்த கருத்தில்லை. வாரம் ஒன்று, இரு வாரத்துக்கு ஒன்று, மூன்று வாரத்துக்கு ஒன்று என்று ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. காயம் ஆற நாள் வேண்டும் என்பதை வைத்துப் பார்த்தால், தினமும் உருட்டச் சொல்லும் அறிவுரைக்கு இந்தச் சோதனைகளில் ஆதாரம் இல்லை.

மருத்துவமனை வேறு, குளியலறை வேறு

வீட்டுப் பயன்பாடு குறித்து மூன்று நிலைகளைக் காணலாம். தோல் மருத்துவர்களில் பலர் கூடவே கூடாது என்பார்கள். விற்பவர்களும் ஆர்வலர்களும் பல் தேய்ப்பதுபோல் எளிது என்பார்கள். நடுவில் இருப்போர், குறைந்த நீளம், நீண்ட இடைவெளி, கடும் சுத்தம் ஆகிய நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்பார்கள்.

முதல் நிலைக்கு வலு சேர்ப்பவை மருத்துவ இதழ்களில் பதிவான தீங்குகள். 2014இல் ‘ஜாமா டெர்மட்டாலஜி’ இதழ் மூன்று பெண்களைப் பற்றி எழுதியது. முகத்தில் நுண்ணூசி போட்டபின் மேற்பூச்சுத் திரவங்கள் தடவப்பட்டு, தோலுக்குள் கட்டி கட்டியான ஒவ்வாமை வந்தது. அவற்றில் வைட்டமின் சி திரவமும் இருந்தது. மேல்தோலில் தடவச் செய்த பொருள் உள்தோலுக்குப் போனதே சிக்கல். நம் வீடுகளில் இதற்கு இணையானது எது என்று சொல்லத் தேவையில்லை: உருட்டிய கையோடு சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணித் தைலம், ரோஸ்மேரி எண்ணெய். அப்படியே தடவினால் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாதவை, ஆயிரம் துளைகளுக்குள் இறங்கும்போது என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் தருவார் யாருமில்லை.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் ரத்தத் தட்டணுக்களோடு நுண்ணூசி முகச் சிகிச்சை பெற்ற சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் பதிவு செய்தது. சலூனிலோ அழகு நிலையத்திலோ ஒரே உருளையைப் பலருக்கு ஓட்டுவதும், வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒன்றையே பகிர்வதும் இதே வாசலைத்தான் திறக்கின்றன. ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் இந்த வழியில் பரவக்கூடியவை.

கருவியும் ஒரு காரணம். உருளை சுழலும்போது ஊசி சாய்ந்து நுழைந்து, எதிர்ப்பக்கம் சாய்ந்து வெளியேறுகிறது. துளை சற்றுக் கிழிகிறது. முடி உள்ள தலையில் அது முடியைச் சுற்றிப் பிடுங்கவும் செய்யும். மலிவான சிலவற்றில் தனித்தனி ஊசிகளே இல்லை. பல் வெட்டிய உலோகத் தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவை குத்துவதைவிடக் கீறுகின்றன. மழுங்கி வளைந்த முனை இன்னும் மோசம். நேராக அழுத்தி எடுக்கும் முத்திரை வகைக் கருவி இந்த விஷயத்தில் மேல் என்று கருத இடமுண்டு.

இரண்டாவது நிலையின் ஒரே பலம், பலரும் செய்கிறார்கள், பெரும் தீங்கு அதிகம் கேள்விப்படவில்லை என்பது. அதை அப்படியே தள்ளிவிட முடியாது; தலைத்தோல் ரத்த ஓட்டம் மிகுந்தது, சிறு காயம் விரைவில் ஆறும். ஆனால் வீட்டில் புண்ணானவர் ஆய்விதழுக்கு எழுதுவதில்லை.

செய்வதென்றே முடிவு செய்தவருக்கு

நடு நிலையை ஏற்பவர்களும் சிலரை முதலிலேயே விலக்குகிறார்கள். தலையில் படை, புண், சீழ்க்கொப்புளம், பூஞ்சைத் தொற்று இருப்பவர்கள், காளாஞ்சகப்படை, வெண்புள்ளி போன்று காயம் பட்ட இடத்தில் நோய் புதிதாக எழும் இயல்புள்ளவர்கள், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மினாக்சிடிலையே தவிர்க்க வேண்டும் என்பதால் அவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை.

மற்றவர்களுக்கு, கிடைத்திருக்கும் சான்றிலிருந்து எடுக்கத்தக்க எச்சரிக்கையான நடைமுறை இது. 0.5 மி.மீ. சுற்றிலேயே நிற்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் போகாதது. தலையை அலசி உலர்த்தி, கையைச் சோப்பால் கழுவி, கருவியை 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து உலரவிடுவது. இது கிருமியைக் குறைக்குமே தவிர மருத்துவமனைச் சுத்தம் ஆகாது. வெந்நீரில் காட்டி எடுப்பது அந்த அளவுக்குக்கூட வராது. தோல் லேசாகச் சிவந்தால் போதும், ரத்தம் இலக்கல்ல. அன்று மினாக்சிடில் வேண்டாம். மும்பை ஆய்வின் 24 மணி நேர இடைவெளியைக் குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். எண்ணெய், சாயம், குளத்து நீச்சல், தலைக்கவசத்தின் வியர்வைப் புழுக்கம் ஆகியவற்றையும் ஒரு நாள் தள்ளிப்போடுவது நல்லது. சில முறைக்குப்பின் கருவியைத் தூக்கிப்போட வேண்டும். குப்பை அள்ளுபவரின் கையைக் குத்தாதபடி மூடியுள்ள டப்பாவில் போட்டு.

சிவப்பு இரண்டு நாளைத் தாண்டினாலோ, சீழ், வீக்கம், காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டுதல் தோன்றினாலோ அதோடு நிறுத்திவிட வேண்டும். படபடப்பு வந்தால் மினாக்சிடிலையும் சேர்த்து.

தீராமல் இருப்பவை

எந்த ஆழம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு காலம் என்ற மூன்றுக்கும் உறுதியான விடை இல்லை. நிறுத்தினால் வளர்ந்தது நிற்குமா என்பதும் அப்படியே. மினாக்சிடிலை நிறுத்தினால் அது தந்த முடி சில மாதங்களில் உதிரும் என்று தெரியும். ஊசி தந்த பங்கு தங்குகிறதா என்று பிரித்துச் சொல்லக் குறைந்தது ஓரிரு ஆண்டு தொடர்ந்து பார்க்கும் ஆய்வு வேண்டும். ஆண்டுக்கணக்கில் குத்திய தலைத்தோலில் தழும்பு சேருமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பெண்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு. வீட்டில் செய்தவர்களையும் மருத்துவமனையில் செய்துகொண்டவர்களையும் ஒரே கருவியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாவது கேள்விக்கு நேரான விடை வரும். மேலே சொன்ன மும்பை முடிவு, பயிற்சி பெற்ற கையில், நோய் இன்னதென்று உறுதி செய்யப்பட்ட தலையில் கிடைத்தது.

இப்போதைக்குச் சொல்லக்கூடியது இவ்வளவு: பரம்பரை வழுக்கையின் தொடக்க நிலையில் இருப்பவருக்கு, மினாக்சிடிலோடு சேரும்போது நுண்ணூசி ஓரளவு கூடுதல் பலன் தரக்கூடும். தனி மருந்தாக அதை நம்பக் காரணம் போதாது. பளபளவென்று முழு வழுக்கையாகிவிட்ட இடத்தில் அதிகம் எதிர்பார்ப்பதற்கில்லை. உருளைக்குச் செலவிடும் முன் தலையை ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டி, கொட்டுவது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது.